செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

உபுண்டு லினக்ஸ் ஏற்றுவதற்காக வீடியோவில் சொன்னபடி செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது விண்டோஸ் 11 ஏதோ ரெக்கவரி கீ கேட்கிறது. பிராஜெக்ட் எல்லாம் போய்விட்டதா சார்?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

ஒன்றும் போகவில்லை, பதறாதீர்கள். பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய், நம்பகமான கையெழுத்து இல்லாத புரோகிராம் தொடக்கத்தில் ஓடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் கீ கேட்காமலே விண்டோஸ் திறந்துவிடும்.

உங்கள் டிஸ்க்கைப் பூட்டியிருப்பது பிட்லாக்கர். அதன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் காவல் காக்கிறது. செக்யூர் பூட் நிலை மாறினால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, சாவியைத் தர மறுத்துவிடும். அப்போது கேட்பதுதான் அந்த 48 இலக்க எண். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துவைக்கும் புத்திசாலிகளும் உண்டு! இனி பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்துவிடுங்கள்.

உண்மையில் அணைத்திருக்கவே வேண்டாம். உபுண்டு, ஃபெடோரா, 2019-இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் எல்லாவற்றிலும் ஷிம் என்ற சிறு புரோகிராம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்தோடு வருகிறது. செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஏறும். 'எடுத்தவுடன் அணை' என்பது பழைய வைத்தியம். சில புதிய திங்க்பேடுகளில் மட்டும் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் ஆப்ஷனை பயாஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

லினக்ஸில் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டேன். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வந்து தானாகப் போய்விட்டது. டிரைவர் வேலை செய்யவில்லை.
– குன்னூர் வாசகர்

டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்குமே? அந்த நீலத்திரை அதைக் கேட்டு, டிரைவரின் கையெழுத்தை செக்யூர் பூட் ஏற்கச் செய்யத்தான் வந்தது. 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டாவிட்டால் போய்விடும். டிரைவரை மறுபடி நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்த முறை டீ போட எழுந்து போகாமல் 'என்ரோல் மோக்' (Enroll MOK) என்பதைத் தேர்வு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

லினக்ஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா?
– கூடலூர் வாசகர்

வேண்டாம். ஆடி மழையில் எந்த மரம் எந்த லைனில் விழும் என்று உங்களுக்கே தெரியும். அப்டேட் பாதியில் கரண்ட் போனால், பேட்டரி வீக்கான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு இறங்க வேண்டியதுதான்.

இன்டெல் மெஷின் என்றால், பயாஸில் ஸ்டோரேஜ், இன்டெல்லின் சொந்த டிஸ்க் முறைகளான ஆர்எஸ்டி (RST) அல்லது விஎம்டியில் (VMD) இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் பொது முறையான ஏஹெச்சிஐ-க்கு (AHCI) மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் ஏறாது. முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து, விண்டோஸின் msconfig-இல் சேஃப் பூட் டிக் செய்யுங்கள். பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்னால் போகிறது. பேட்டரி போய்விட்டதா?
– உதகை வாசகர்

பேட்டரி மேல் பழி போடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை எழுதும்படி மாற்றிவிடுங்கள்.