பழைய சைக்கிளும் பின்னால் ஓர் ஆளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய இரும்புக் குவியலில் ஒரு சைக்கிள் கிடைத்தது. தினமும் வேலைக்குப் போகவும் பின்னால் ஒருவரை ஏற்றவும் ஆசை. முதலில் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: பெயின்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விரிசலைக் காட்டிக்கொடுப்பது பழைய பெயின்ட்தான், புதியது மறைத்துவிடும். ஹேண்டில்பார் இறங்கும் முன்குழாயோடு மற்றக் குழாய்கள் சேருமிடம், பெடல் அச்சு ஓடும் கூடு, பின்சக்கரம் மாட்டும் காதுகள் ஆகியவற்றைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மயிரிழைபோல ஒரு கோடும் அதன் ஓரத்தில் துருக்கறையும் தெரிந்தால், அந்த ஃபிரேமில் ஆளை ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஒரு நூல். பின்காது ஒன்றில் கட்டி, முன்குழாயைச் சுற்றி, மறுகாதுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் இருபுற நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மன்னிக்கலாம். அரை சென்டிமீட்டர் என்றால் ஃபிரேம் வளைந்திருக்கிறது. ஃபிரேம் எண்ணையும் விசாரித்துவிடுங்கள்; யாரோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் வரவே மாட்டேன் என்கிறது. அடித்து அடித்து மரை நசுங்கிவிட்டது.

பதில்: சின்னச் சின்னதாகப் பத்து அடி அடித்திருப்பீர்கள். அதுதான் பின்னின் நுனியை விரித்து இன்னும் இறுக்கியிருக்கிறது. துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். தண்டுக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டை நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் இறங்க இடம் இருக்கட்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகளுக்குத்தான் போகும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி. மரை கெடாத காட்டர் பின் என்றால் நட்டை நுனி மட்டத்தில் நிறுத்தி அதன்மேல் அடிக்கலாம். உங்களுடையதில் நசுங்கிய பகுதியை அறுத்துவிட்டுப் பஞ்ச் என்னும் இரும்புக் குச்சியை வைத்து அடிக்க வேண்டியதுதான்.

புதுப் பின்களை எதிரெதிர்த் திசையில் மாட்டுங்கள். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடல்களும் நேர்க்கோட்டில் நிற்காது. சில கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை முறுக்குங்கள். பெடலையும் கழற்றுவதாக இருந்தால், இடது பெடலின் மரை தலைகீழானது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: புதுப் பிரேக் கட்டை போட்டும் மழையில் நிற்கவில்லையே?

பதில்: கட்டை பாவம். குற்றம் முலாம் பூசிய இரும்பு ரிம்மினுடையது; நனைந்தால் ரப்பர் அதில் வழுக்கும். அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். ஆனால் இரும்புத் தண்டால் இழுபடும் பழைய கம்பி பிரேக் ரிம்மின் உட்புறத்தை அழுத்துகிறது. அலுமினிய ரிம்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் கவ்வும் பிரேக்குக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே ரிம்மோடு பிரேக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். வாங்குமுன் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில் கம்பி மாட்டும் துளைகளை எண்ணுங்கள்; ரிம்மிலும் அத்தனையே இருக்க வேண்டும். பழைய சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 32, பின்னால் 40. டயரில் 28 x 1½ என்று இருந்தால் ரிம்மின் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் 700சி ரிம்முக்கு அது 622. விட்டத்தில் 13 குறைந்தால் ரிம்மின் விளிம்பு ஆறரை மில்லிமீட்டர் உள்ளே போகும்; பிரேக் கை அந்த ஆறரை மில்லிமீட்டர் கூடுதலாக எட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் சரியாகும்வரை டபுள்ஸ் வேண்டாம்.

கேள்வி: கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருக்கிறது. 55 கிலோ ஆள் உட்காரலாமா?

பதில்: கூடாது. 25 என்றால் 25தான். ஆள் பாரத்துக்கென்று செய்த கேரியரின் கால்கள் பின் அச்சுக்கு அருகில் இறங்கிப் பாரத்தை அங்கே கொடுக்க வேண்டும். சீட்டிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்களைக் கவ்வி நிற்கும் கேரியர் மெல்லச் சரியும். வலுவூட்டுகிறேன் என்று ஃபிரேமில் வெல்டிங் வைக்காதீர்கள். குழாய்ச் சுவர் மெல்லியது. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பிற்பாடு விரிசல் விழும்.

உட்காருபவரின் பாரம் பின் அச்சுக்கு முன்பக்கமாக விழட்டும். பின்னே தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். கால் வைக்க மிதி, குதிகாலும் துணியும் சக்கரக் கம்பிகளுக்குள் போகாதபடி மறைப்பு, பிடித்துக்கொள்ள ஒரு பிடி ஆகிய மூன்றும் இருந்தே ஆக வேண்டும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதையும் மூடுங்கள். பின்னால் இருப்பவரின் விரல் போய் நசுங்குகிற இடம் அது.

பின்சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தளர்ந்தவற்றை முறுக்கிக் கோட்டம் எடுத்த பிறகே பாரம் ஏற்றுங்கள். முதல் பயணத்துக்கு ஆள் வேண்டாம், மணல் மூட்டை போதும். அது விழுந்தால் யாரும் அழப்போவதில்லை.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். தானாக உட்காரவும் ஹெல்மெட்டின் கனத்தில் தலையை நிறுத்தவும் வலு வரட்டும். அப்போதும் குழந்தை இருக்கையும் வார்ப்பட்டையும் தேவை. வெறும் கேரியர் கூடாது.

கேள்வி: ஆள் ஏறினால் மேட்டில் மிதிக்க முடியவில்லை.

பதில்: முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ 2.4 சுற்று சுற்றும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் சரியாக 2 சுற்று. மிதி ஆறில் ஒரு பங்குக்கு மேல் லேசாகும். சமதளத்தில் வேகம் கொஞ்சம் போகும், போகட்டும். செயின் நீளம் எட்டாமல் போகலாம். எப்படியும் பழைய செயினை அளந்து பாருங்கள்: 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும், 12⅛ ஆகியிருந்தால் புதிது வாங்குங்கள்.

கேள்வி: பின்விளக்கு சீட்டுக்குக் கீழே இருக்கிறது, போதுமா?

பதில்: ஆள் உட்கார்ந்தால் மறைந்துவிடும். மட்கார்டின் நுனிக்கு மாற்றுங்கள்.