ஏற்காட்டு ஐவி ஜெரேனியம் சேலத்தில் கறுத்துப் போவது பற்றி

வணக்கம்ங்க. ஏற்காட்டில் வாங்கிய ஐவி ஜெரேனியம் என்ற பூக்கொடி சேலத்து மாடிக்கு வந்ததும் பூ நின்றுபோய், தண்டு அடியில் கறுக்குது, தினமும் இருவேளை தண்ணீர் விடுறேன்னு எழுதியிருந்தீங்க. தண்டு கறுக்க அந்தத் தண்ணீர்தாங்க காரணம். கறுப்பு அடியிலிருந்து மேலே ஏறினால் அது அழுகல் நோய், எந்த உரம் போட்டாலும் மீளாது. கொடியைக் காப்பாத்த வழி இருக்கு. கறுப்புக்கு மேலே நல்ல பச்சையாக உள்ள நுனியை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை எடுத்துட்டு, நிழலில் சில மணி நேரம் உலரவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் ஊன்றுங்க. பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடவே கூடாது. தென்னாப்பிரிக்கச் செடி இது, இலையே சதைப்பற்றாக இருக்கும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

பூ நின்றது சூட்டினால். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. கோடையில் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் வையுங்க, குளிர் மாதங்களில் மறுபடி பூக்கும். நாள் முழுக்க வெயில் காய்கிற சுவர் ஓரத்துக்கு ஊதாப் பூ பூத்துப் படரும் லாண்டானாதான் (உன்னிச்செடி வகை) என் தேர்வு. மஞ்சள் பூ பூக்கும் படர்செடியான வெடேலியாவை மட்டும் தரையில் விடாதீங்க, கணு பட்ட இடமெல்லாம் வேர்விட்டு மற்றதை மூடிடும்.