மாட்டுக் கொட்டகையில் கிடக்கும் கவலைச் சால்

(காரிமங்கலம் பக்கம் தங்கள் பண்ணையிலேயே குடும்பமாகப் பழம்பொருள் கூடம் நடத்தும் விவசாயப் பெண்மணி, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

தாத்தா காலத்துக் கலப்பை, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலைச் சால், தானியம் அளக்கும் மரக்கால், ராகி கொட்டி வைக்கும் தொம்பை எல்லாம் கொட்டகையில் கிடக்கின்றன. நாங்களும் காட்சிக்கு வைக்க ஆசைப்படுகிறோம். எங்கே தொடங்குவது?
– வாசகர், பாலக்கோடு

உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள். அலமாரி, பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம்.

நாங்கள் கூடம் திறந்த புதிதில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கவலையைப் பார்த்த ஒரு சிறுமி, "ஒரு சாலுக்கு எதுக்கு ரெண்டு கயிறு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்து வந்தார். தடித்த வடம் சாலைத் தூக்கும், மெல்லிய கயிறு அடியில் இருக்கும் தோல் வாலை மடக்கிப் பிடிக்கும், சால் மேலே வந்ததும் வால் நீண்டு தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும் என்றார். பேரனை வாலைப் பிடிக்கச் சொல்லி இழுத்தே காட்டினார். மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து பாடிய பாட்டில் நான்கு அடியும் வந்தது. அன்று இரவே நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

மாமியார் இருந்தபோது இப்படி எழுதாமல் விட்டேன். அவர் பெட்டியில் கைப்பிடி வைத்த சிறு மரச்சாமான் ஒன்று இருக்கிறது. எதற்கென்று சொல்ல இன்று ஊரில் ஆளில்லை. அதை எடுக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. யார் செய்தது, எந்த மரம், யார் கைப்பழக்கம், ஊரில் அதற்கு என்ன பேர் என்று கேட்டு எழுதிவிடுங்கள். குரலையும் போனில் பதிந்து வையுங்கள்.

எங்கள் வயல் மூலையில் வாளேந்திய வீரன் செதுக்கிய கல் நிற்கிறது. பண்ணைக்குக் கொண்டுவந்து வைக்கலாமா?
– வாசகர், அரூர்

வேண்டாம் ஐயா, தயவுசெய்து அசைக்காதீர்கள். அது நடுகல், சண்டையில் விழுந்த வீரனுக்காக நட்டது. நம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவது பலதும் இதுதான். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர் மாட்டை மீட்டு, யார் விழுந்தான் என்று வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கற்கள் நம் மாவட்டத்தில் பல கிடைத்திருக்கின்றன. கல் நிற்கும் இடமும் வரலாற்றில் ஒரு பகுதி, பெயர்த்தால் அது போய்விடும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் தொல்பொருள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசாதீர்கள். தருமபுரியில் தொல்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அரசு அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்கள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பழைய கலப்பைக்கு வார்னிஷ் அடிக்கலாமா?
– வாசகி, பென்னாகரம்

அடிக்காதீர்கள். மண் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கரையான் எளிதில் ஏறாது. மரத்திலிருந்து மாவு உதிர்ந்தால் பூச்சி துளைக்கிறது என்று பொருள், அதைத் தனியே எடுத்து வைத்துத் துளைகளில் வேப்பெண்ணெய் விடுங்கள். கலப்பை நுனி இரும்பான கொழுவின் துருவை உலர்ந்த துணியால் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கைப்பிடியான மேழியை மட்டும் எதுவும் செய்யாமல் விடுங்கள். எங்கள் மேழியில் கை பிடிக்கும் இடம் வழவழவென்று கறுத்திருக்கும். மாமனாரின் உள்ளங்கை தேய்த்தது அது.