பூதம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நிலம், நீர், தீ, காற்று, வானம் ஆகியவற்றை ஐம்பூதங்கள் என்கிறோம், கதைகளில் வரும் கோர உருவத்தையும் பூதம் என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். ஆதல், உளதாதல் என்று பொருள்படும் வடமொழி வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு ‘உண்டானது’ என்பதே அடிப்படைப் பொருள். உலகுக்கு முதலான ஐந்தையும், உலகில் உள்ள உயிர்களையும் குறித்த அது, மனிதருக்கு அப்பாற்பட்ட உயிர்களைச் சிறப்பாகச் சுட்டியபோது கதைப்பூதம் உருவாயிற்று. வடமொழியில் இறந்தகாலத்துக்குப் பூதகாலம் என்று பெயர் இருப்பதைக் கொண்டு, இறந்தவரின் ஆவியே பூதம் என்பாரும் உண்டு. ஆனால் சிலப்பதிகாரப் பூதங்கள் எவருடைய ஆவியும் அல்ல என்பதால், முதல் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தக் காப்பியத்தின் புகார் நகரில் இரண்டு பூதங்கள் இருக்கின்றன. நாளங்காடி எனும் பகற்சந்தையில் இருப்பது, இந்திரன் ஏவலால் வந்த காவற்பூதம். மறக்குல மகளிர் அதற்குப் பூவும் புகையும் பொங்கலும் படைக்கிறார்கள். நாற்சந்தியில் உள்ள சதுக்கத்துப் பூதமோ, பொய்த்தவ வேடத்தார், பிறர்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் முதலியோரைப் பாசக்கயிற்றால் பிடித்துப் புடைத்து உண்பது. கற்புடைய பெண்மீது பொய்ச்சாட்சி கூறிய ஒருவனை அது பற்றியபோது, அவன் தாயின் துயரம் பொறாத கோவலன் தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டுகிறான். கீழ்மகன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொண்டு நற்கதியை இழக்கும் வழக்கம் தன்னிடம் இல்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. தன் நற்கதியைப் பற்றிக் கவலைப்படும் பூதத்தை வெறும் அரக்க உருவம் என்று எப்படிச் சொல்வது?

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், இனியவை நாற்பது பாடிய பூதஞ்சேந்தனார், பூதத்தாழ்வார் என்று அரசரும் புலவரும் அடியாரும் அப்பெயரைத் தாங்கியிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பூதம் என்றாலே பருத்த உடல் என்ற எண்ணம், சிவனின் பூதகணங்களைக் குள்ளமும் பெருவயிறுமாகச் செதுக்கிய கோயில் சிற்பங்களில் தெளிவாகத் தெரிகிறது. பூதாகரம், பூதக்கண்ணாடி போன்ற சொற்களில் இன்று எஞ்சி நிற்பது பருமை மட்டுமே. காவலும் நீதியும் கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில்தான் இன்னும் விட்டுப்போகவில்லை: அங்கே பூதகோலம் என்ற வழிபாட்டு ஆட்டத்தில் சாமியாடுபவர் வழியாகப் பூதம் ஊர் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறது.