பூச்சைப் பெயர்க்கும் முன் ஒரு நிமிஷம்: செங்கல் வீட்டுக் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி செங்கல்லைப் பற்றித்தான், மீதி மரமும் சணலும் பிரம்பும். ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வரவேற்பறைச் சுவரின் பூச்சை எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற செங்கல்லை அப்படியே காட்டலாமா?

காட்டலாம். ஆனால் உள்ளே இருப்பது நீங்கள் படத்தில் பார்த்த செங்கல்லாகத்தான் இருக்கும் என்று நம்பி உளியை எடுக்காதீர்கள். எப்படியும் பூசப் போகிற சுவர்தானே என்று கட்டியவர்கள் அரைக்கல், கோணல் வரிசை, பிதுங்கிய கலவை எல்லாவற்றையும் பூச்சுக்குள் மறைத்திருப்பார்கள். சில வீடுகளில் செங்கல்லே இருக்காது, சிமெண்ட் கல்தான். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி மட்டும் பெயர்த்துப் பாருங்கள். தெரிகிற கல்லை நகத்தால் கீறுங்கள். தடம் விழவில்லை, தட்டினால் சத்தம் மொத்தென்று இல்லாமல் கணீரென்று வருகிறது என்றால் நல்ல கல். நகத்தோடு செம்பொடி வந்தால் அந்தச் சுவருக்குப் பூச்சுதான் சட்டை, கழற்றாதீர்கள். மழை நேரடியாக அடிக்கிற வெளிப்பக்கத்தையும் தொடாதீர்கள்.

அப்புறம், மின்கம்பிக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெயர்க்கும்போது பறக்கிற தூசியில் நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கா என்ற நுண்துகள் இருக்கும். முகத்தில் துணி கட்டினால் போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு நான் மூன்று நாள் கணக்குப் போட்டேன். வேலை மூன்று நாளில் முடிந்தது, தூசி ஒரு மாதம் போகவில்லை.

செங்கல் சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் போகிறது, ஒரே வாரத்தில் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

கழுவுவதை நிறுத்துங்கள், முதலில் அதைச் செய்யுங்கள். அது உப்பு. கல்லிலும் கலவையிலும் இருக்கிற உப்பு ஈரத்தில் கரைந்து சுவரின் முகத்துக்கு வருகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது அதே உப்பு மறுபடி கரைந்து கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈரமில்லாத நாளாகப் பார்த்து உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கீழே உதிர்கிற பொடியைச் சுவரோரமே விட்டுவிடாமல் காகிதம் விரித்து அள்ளிக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆனால் இதெல்லாம் துடைக்கிற வேலைதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை உப்பு நிற்காது. ஒரு பிளாஸ்டிக் தாளை ஓர் அடி அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: பின்பக்கக் குளியலறை, கசியும் குழாய், வெளியே தரைமட்டத்துக்கு மேல் குவித்துவைத்த மண் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ஆசிட் போட்டால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். உப்பும் போகும், கூடவே கலவையில் இருக்கிற சுண்ணாம்பும் நுரைத்துக் கரைந்து போகும்.

அதன் மேல் வார்னிஷ் அடித்துவிட்டால்?

இதைக் கேட்டவர்கள் நான்கு பேர். அடிக்காதீர்கள். பளபளவென்று படலம் போடுகிற எதுவும் ஈரத்தின் வழியை அடைத்துவிடும். உப்பு படலத்துக்கு அடியில் படிகமாகிக் கல்லின் முகத்தையே செதில் செதிலாகத் தள்ளிவிடும். தவிர, ஈரம் சொட்டுவது போல மினுங்குகிற செங்கல் எனக்குச் செங்கல்லாகவே தெரிவதில்லை. உலர்ந்த உட்சுவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம். அடுப்பு பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்தால், படலம் போடாத, எண்ணெயையும் தடுக்கிற சீலர் கேட்டு வாங்குங்கள், அதுவும் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு.

பழைய வீடு. கல்லிடுக்கில் கலவை உதிர்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார்.

பழைய கலவை சுண்ணாம்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுண்ணாம்புக் கலவை கல்லைவிட மென்மையானது, ஈரத்தையும் அசைவையும் அது வாங்கிக்கொள்ளும், தேய்ந்தால் அதைத்தான் மாற்றவேண்டியிருக்கும். சிமெண்ட் பழைய கல்லைவிடக் கடினம். ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகப் போகும், சில வருஷத்தில் கலவை முழுசாக நிற்கும், கல் உள்ளே குழிந்திருக்கும். உதிர்வதைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் சுண்ணாம்புக் கலவையே வைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும், அதனால் ஒரேயடியாகக் காய்ந்துவிடாமல் சில நாள் ஈரத் துணி போர்த்தி வைக்கவேண்டும். கொத்தனார் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாடியில் குடியிருக்கிறோம். இருக்கிற சுவருக்கு முன்னால் நிஜச் செங்கல்லில் ஒரு வரிசை எழுப்பலாமா, இல்லை ஒட்டுகிற செங்கல் வில்லையா?

கணக்கைப் பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. பத்தடிக்குப் பத்தடி எழுப்பினால் கிட்டத்தட்ட இரண்டு டன், அதை உங்கள் தரை தாங்கவேண்டும். பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நினைக்கவே நினைக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் சீவிய நிஜச் செங்கல் வில்லை போதும். மூலைக்கு மட்டும் 'ட' வடிவத்தில் திரும்புகிற வில்லைகளை வாங்குங்கள், அங்கேதான் எல்லோருடைய குட்டும் வெளிப்படும். எமல்ஷன் மேல் ஒட்டாதீர்கள், பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். செங்கல் படம் போட்ட வால்பேப்பர் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குச் சும்மா வெள்ளைச் சுவரே மேல்.

செங்கல் வைத்ததிலிருந்து அறை குகை மாதிரி இருட்டாக இருக்கிறது.

எத்தனை சுவர்? ஒன்றுக்கு மேல் என்றால் அதுதான் காரணம். செங்கல் வெளிச்சத்தைக் குடிக்கும். ஒரே சுவரை வைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள், கொஞ்சம் காவிமண் கலந்த வெள்ளை செங்கல்லுக்கு நன்றாக ஒத்துப்போகும். சுண்ணாம்பில் இரும்பு ஆக்சைடு, காவி மாதிரி மண் நிறங்கள்தான் நிற்கும், மற்ற பல சாயங்களை அது தின்றுவிடும். எமல்ஷன் மேல் பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். சுவரை நனைத்துவிட்டு, மோர் பதத்துக்கு நீர்க்கக் கரைத்து, மூன்று நான்கு முறை அடிக்கவேண்டும். முதல் கையில் ஒன்றுமே தெரியாது, 'ஏமாந்துவிட்டோம்' என்று தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாகக் கரைத்து அடித்தவர்களுக்குத்தான் பொரிந்து உதிர்ந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும்.

விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கூரையில் வைத்து, கீழ்நோக்கி வழிகிற மாதிரி விடுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே மெல்லிய நிழல் விழும். நேராக முகத்தில் அடிக்கிற விளக்கில் அந்த நிழலே கிடைக்காது.

ரயில் தண்டவாளக் கட்டையில் மேசை, சரக்குப் பலகையில் (பேலட்) கட்டில். செய்யலாமா?

தண்டவாளக் கட்டை வீட்டுக்குள் வேண்டாம். பெரும்பாலும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியது, வெயில் பட்டால் கசியும், நெடியடிக்கும், தோலுக்கும் ஆகாது. சரக்குப் பலகையில் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றிருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, விட்டுவிடுங்கள். எந்தப் பழைய மரமானாலும் ஒரு கறுப்புத் துணிமேல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். மாவு போல் பொடி கொட்டினால் உள்ளே பூச்சிகளின் குடித்தனம் நடக்கிறது.

சுட்ட மண் ஓடு பதித்த தரைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், நல்லதா?

நல்லதுதான், மெல்லிசாகத் தடவி, ஊறாமல் நிற்பதைத் துடைத்துவிட்டால். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மிகைப்படுத்தவில்லை. வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள்.

குளியலறை வாசலில் சணல் பாய் போடலாமா?

ஈரம் பட்டால் சணல் கறுத்து நைந்துபோகும். அந்த இடத்துக்குத் தேங்காய் நார்ப் பாய்.

பிரம்பு நாற்காலியின் பின்னல் தொங்கிவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

இழை எதுவும் அறுந்திருக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் பிழிந்த துணியால் நன்றாக நனையும்படி ஒற்றியெடுங்கள். மேல்பக்கம் வழவழப்பானது, தண்ணீர் குடிக்காது. அப்படியே நிழலில் விட்டுவிடுங்கள், யாரையும் உட்காரவிடாதீர்கள். காயும்போது பிரம்பு சுருங்கும். மறுநாள் காலையில் விரலால் சுண்டிப் பாருங்கள், விறைப்பாக இருக்கும்.