மாஸ்டர் போகலாம், மாவா அளவு போகலாமா?

கேள்வி: குன்னூரில் வர்க்கி பேக்கரி நடத்துகிறேன் ஐயா. பத்து வருடம் இருந்த மாஸ்டர் விலகி, ஊட்டியில் சொந்தமாக அடுப்பு போட்டுவிட்டார். வர்க்கி மாவில் சேர்க்கும் புளித்த கலவையான எங்கள் மாவாவின் அளவு அவருக்குத் தெரியும். கடைக்காரர்கள் பேரேட்டையும் போனில் படம் எடுத்திருக்கிறார். ‘மூன்று வருடம் நீலகிரியில் வர்க்கி போட மாட்டேன்’ என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அந்தப் பத்திரத்தை நம்பி வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்வரை வேறு இடத்தில் போடாதே எனலாம்; விலகிய பிறகு முடியாது. அடுப்பு வெக்கையில் பத்து வருடம் நின்று கற்ற கைப்பழக்கம் அவருடையது. அதைப் பறிப்பது நியாயமும் இல்லை.

ரகசியம் வேறு சங்கதி. இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் 289-வது அறிக்கையில் சொன்னது. இப்போதைக்கு, நம்பி ஒப்படைத்ததை மீறினார் என்ற அடிப்படையில் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். வாழைப்பழம், சர்க்கரை, மைதா சேர்த்து மாவா புளிக்க வைப்பது வர்க்கி போடும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் விகிதமும் புளிக்கும் நேரமும்தான் ரகசியம். அந்தச் சீட்டு தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்ததா, பெட்டியில் பூட்டியிருந்ததா? கோர்ட் முதலில் இதைத்தான் பார்க்கும்.

பேரேடுதான் உங்கள் பலம். கடைகளின் பெயர் ஊரறிந்தது. எந்தக் கடைக்கு என்ன விலை, எத்தனை நாள் கடன் என்பது அப்படியல்ல. வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டென்று ஏற்று, டெல்லி உயர் நீதிமன்றம் 1995-லேயே விலகிய ஊழியருக்குத் தடை விதித்திருக்கிறது.

2023-ல் ஊட்டி வர்க்கிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும், உங்கள் அளவை அல்ல.

சரி, உடனே வக்கீலைப் பாருங்கள். நாள் கடந்தால் இடைக்காலத் தடை கிடைப்பது கடினம். மனுவில் மட்டும் மாவா அளவை எழுதிவிடாதீர்கள், நகல் அவருக்கே போகும். மூடிய உறையில் தர அனுமதி கேளுங்கள். அப்புறம், புது மாஸ்டரிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் தனியாக வாங்கிவிட்டு, மாவாவை நீங்களே எடை போட்டுக் கொடுங்கள்.