நிரூபணம் பிடிக்குமா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: என் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வளாகத் தேர்வில் வேலை வாங்காமல், ‘ஆட்டோமேட்டட் ரீசனிங்’ துறையில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் எதிர்காலம் உண்டா?

உண்டு ஐயா. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவரும் துறை அல்ல.

ஒரு நிரலோ சிப்போ எந்த நிலையிலும் தவறாது என்று கணித முறையில் நிரூபித்துக் காட்டும் மென்பொருள்களை உருவாக்குவதுதான் இங்கே வேலை. 1994-இல் இன்டெல்லின் பென்டியம் சிப் சில எண்களை வகுக்கும்போது தப்பாக விடை சொன்னது. அந்த ஒரு பிழைக்கு நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. அடி பட்ட பிறகு இந்தப் படிப்புக்கு மதிப்பு கூடியது. இன்று பெங்களூருவின் சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் ‘ஃபார்மல் வெரிஃபிகேஷன்’ (கணித முறைச் சரிபார்ப்பு) என்ற பெயரிலேயே பணியிடங்கள் இருக்கின்றன. எம்.டெக். முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். கிளவுடில் உள்ள தகவலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற விதிகளைச் சரிபார்க்க அமேசானும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

ஏ.ஐ. வந்து இதையும் விழுங்கிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2024-இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப் என்ற ஏ.ஐ. சர்வதேச கணித ஒலிம்பியாட் கணக்குகளுக்கு நிரூபணம் எழுதியபோது, அதைச் சரிபார்த்தது இந்தத் துறையில் பிறந்த ‘லீன்’ என்ற மென்பொருள். இயந்திரம் எழுத எழுத, சரிபார்க்கும் வேலை பெருகத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

மகளுக்கு இது பிடிக்குமா என்பதைக் காசில்லாமல் சோதிக்கலாம். இணையத்தில் ‘நேச்சுரல் நம்பர் கேம்’ என்று லீனிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் ஓர் எண்ணோடு பூச்சியத்தைக் கூட்டினால் அதே எண் வரும் என்பது வரையறை. ஒரு வரியில் முடிந்துவிடும். பூச்சியத்தோடு அந்த எண்ணைக் கூட்டினாலும் அதே எண்தான் என்று காட்டவோ, தொகுத்தறி முறையில், அதாவது ஓர் எண்ணுக்குச் சரி என்றால் அடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்டி, பூச்சியத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். ‘இது தெரிந்ததுதானே’ என்று எரிச்சல் வந்தால் வேலைக்கே போகட்டும். ஏன் இரண்டும் ஒன்றல்ல என்று சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தால் தடுக்காதீர்கள்.

வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கு ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, 2023 முதல், மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வு முடிய ஐந்தாண்டு ஆகலாம். அதற்குள் உடன் படித்தவர்கள் கார் வாங்கிவிடுவார்கள். ‘கல்யாணம் எப்போது?’ என்று உறவினர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவளிடம் கொண்டுபோகாமல் இருப்பதே நீங்கள் செய்யும் பெரிய உதவி.

எங்கே படிப்பது? சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தை முதலில் பாருங்கள்; எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஐ.ஐ.டி. என்றால், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி.யில் இந்தத் துறைக்கு வலுவான குழு உண்டு. வெளிநாடும் எட்டாததல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நடராஜன் சங்கர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணித மேதை கோடெலின் புகழ்பெற்ற முழுமையின்மைத் தேற்றத்தையே கணினியைக் கொண்டு சரிபார்த்து 1986-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

வளாகத் தேர்வையும் அவள் எழுதட்டும். கையில் ஒரு வேலை இருப்பது யாருக்கும் கெடுதல் இல்லை. ஆய்வு வழிகாட்டிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் இணைக்க வேண்டாம். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான் பதில் வருகிறது.